ஹோம் போதும் என்றேன்

நவம்பர் 12, செவ்வாய். எசன், ஜேர்மனி.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு மடிகணினி வாங்கும்போது, விண்டோஸில் வீட்டுப் பாவனைக்கான ஹோமா, நிறுவனங்களுக்கான ப்ரோவா என்று முதலாளி வசந்தி அக்கா கேட்டார். ஹோம் போதும் என்றேன். இன்று அக்கா அந்த மடிகணினியை ரயிலில் விட்டுவிட்டார்.

"இங்கையிருந்து பூட்டேலாதோ தம்பி?"

"ஏலாது அக்கா. ப்ரோ எண்டால் எங்கட நெட்வேர்க்கில சேர்த்து, இங்கையிருந்தே பூட்டியிருப்பன்."

எல்லோரும் பாவிப்பதால் கடவுச்சொல்லை மூடியிலேயே ஒட்டியிருந்தோம். உள்ளே தனியாக வாழ்பவர்களின் முகவரிகள். கண் தெரியாத மூதாட்டி ஃப்ராவ் கெல்லரின் பெயருக்குக் கீழே என் குறிப்பு: "மணியை இரண்டு தரம் அடிக்கவும். யாரென்று கேட்காமல் திறப்பார்."

பின்னேரத்தில் அவரிடம் எங்கள் ஆட்கள் போவதில்லை. எச்சரிக்க நானே போனேன். பழக்கத்தில் இரண்டு தரம் அடித்துவிட்டேன். கதவு உடனே திறந்தது.

"மறுபடியுமா?" என்றார். "உங்கள் ஆள் இப்போதுதானே வந்து போனார்."