வெடிப்பு விட்ட பெட்ரோல் டியூப்

ஜோதி அப்பாவுக்கு,

பேண்டேஜ் கம்பெனி வேலைக்கு இராஜபாளையம் போகிறேன். இந்தச் சீட்டைக் கட்டியிருக்கும் டியூபை முதலில் நன்றாகப் பாருங்கள். நம் புல் வெட்டும் மிஷினில் மாட்டியிருந்தது. டேங்குக்குள் நுழையும் இடத்தில் விறைத்து வெடித்திருக்கிறது. பெட்ரோல் அது வழியாகத்தான் கசிந்திருக்கிறது. என் தம்பி சமுத்திரம் பெட்ரோலைத் தன் பைக்குக்கு எடுத்துக்கொண்டு போகிறான் என்றீர்களே! அதற்குத்தானே இத்தனை நாள் நீங்களும் நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை?

டியூபை மாற்றியதும் அவன்தான். நேற்று நீங்கள் இல்லாதபோது புது டியூபோடு வந்தான். "மச்சான் பெட்ரோல் நிக்க மாட்டேங்குதுன்னு பொலம்புனாகளேக்கா" என்றான். நீங்கள் ஜாடையாகச் சொன்னதை நிஜப் புலம்பலாக எடுத்துக்கொண்டிருக்கிறான், பாவம்.

நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்க் ஓட்டை வழியாக இழுத்து மாட்டினான். பெட்ரோல் ஊற்றி, அடியில் பேப்பர் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மதியம் சாப்பிட வருகிறான். கருவாட்டுக் குழம்பைச் சுட வையுங்கள். முட்டை அவித்திருக்கிறேன், அவனுக்கு இரண்டு.

பாண்டிசெல்வி

தோட்டத்துச் சாவி அரிசி டப்பா மேலே.

இன்னொன்று. மிஷினை ஓட்டிப் பார்க்கும்போது கேட்டான்: "மச்சான் இப்பல்லாம் என்னைய மாப்ளன்னு கூப்புடுறதில்லையேக்கா?" அந்தச் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். இன்று அவன் செருப்பைக் கழற்றுமுன்னே "வாங்க மாப்ள" என்று கூப்பிட்டுவிடுங்கள்.