நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், யோகன்

என் அன்பு மச்சான் யோகன்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னோடு ஒரே அறையில் ஆறு வருடம் கிடந்தவன் என்பதால் முதல் பக்கம் எனக்காம். "நல்ல விஷயங்களா எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு எதை எழுத? மலர் அச்சாகி வர ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் நடக்க வேண்டியது எதுவானாலும் நடந்து முடிந்திருக்கும். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவில் வந்திறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? போர்கோ வெக்கியோ சந்தை முனையில் உள்ள கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாய். கடைக்காரன் கோப்பியை நீட்டிக்கொண்டே ஏதோ கேட்டான்.

"நீ எந்தப் பக்கம் எண்டு கேக்கிறான், மச்சான்."

ஊரில் அந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "எனக்கு ஒருத்தரோடையும் தொடர்பில்லை ஐயா" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "பந்தைப் பற்றித்தான் கேக்கிறான். கையை இறக்கு" என்று மெல்லச் சொன்னாய்.

பிறகு மாடிப்படிகளைக் கழுவும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். வடக்கே மிலானோவில் இரண்டு பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள். முதலில் இருந்தது ஒன்றுதான், சிவப்புக் கறுப்பு. வெளிநாட்டுக்காரரைச் சேர்ப்பதா விடுவதா என்று உள்ளுக்குள் சண்டை வந்து, சேர்க்கத்தான் வேண்டும் என்றவர்கள் பிரிந்துபோய் நீலக் கறுப்பைத் தொடங்கினார்கள். பின்னால் ஒரு சர்வாதிகாரியின் காலத்தில், பெயரிலேயே அந்நிய வாடை அடிக்கிறது என்று அதையும் மாற்ற வைத்தார்களாம். இவ்வளவு பகைக்கும் இருவரும் ஆடுவது ஒரே மைதானத்தில்.

"நானும் நீயும் ஆர்? வெளிநாட்டுக்காரர். அப்ப நீலக் கறுப்புத்தானே எங்கட பக்கம்?" என்றாய். உன்னோடு மல்லுக்கட்டுவதற்காகவே நான் சிவப்புக் கறுப்பு என்றேன். வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்ற கழகம் அந்த நாட்களில் மூன்று ஒல்லாந்துக்காரர் தயவில் வென்றுகொண்டிருந்ததைச் சொல்லிச் சொல்லி உன்னை எரிச்சல்படுத்தினேன். பலேர்மோவின் சொந்த அணியைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. பாவம், அது கீழ்ப் பிரிவில் கிடந்தது.

ஊரில் நீயும் நானும் வேறு வேறு இயக்கம். அவையும் ஒன்றாக இருந்து பிரிந்தவைதான். அதை நாம் ஒரே ஒரு முறைதான் கதைத்தோம். நீலக் கறுப்பு தோற்ற ஒரு நாள், வாய்க்கொழுப்பில் "உங்கட ஆக்களை ஒரேயடியா முடிச்சாச்சு" என்றேன். உன் முகம் செத்துப்போயிற்று.

"இந்தச் சொல்லை நான் முந்தியும் ஒருக்காக் கேட்டனான், மச்சான். அதுவும் உங்கட ஆக்கள்தான் சொன்னவங்கள்."

அன்றைக்குச் சமைத்த மீன்குழம்பை எனக்குத்தான் முதலில் ஊற்றினாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, யோகன்? இன்றைக்குக் கேட்கிறேன்.

உன் தம்பி சிவா வந்து சேர்ந்தது நீ கண்ணை மூடிய பிறகு. உன் கட்டிலில்தான் படுத்தான். கால்சாப் பகுதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். பெர்மெஸ்ஸோ அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, இங்கே தங்க விடுவார்களா என்று காத்திருந்தான். உங்கள் இயக்கத்தில் அவன் உன்னைவிடப் பெரிய ஆளாக இருந்திருக்கிறான் என்பது அவன் சொல்லாமலே தெரிந்தது. கதவுக்கு முதுகு காட்டி ஒரு நாளும் உட்காரமாட்டான்.

செவ்வாய் மத்தியானம், சிவா வேலைக்குப் போயிருந்த நேரம், ஒருவர் வந்தார். நாப்போலியிலிருந்து கப்பலில் வந்தாராம். பெயர் சொல்லவில்லை. மடிப்புக் கலையாத சேர்ட், மரியாதையான பேச்சு.

"யோகன் இருந்த அறை இதுதானே?"

"ஓம்."

"அவரின்ரை தம்பி இஞ்சை வந்து நிக்கிறாராம். ஒருக்காக் கதைக்கோணும். பழைய கதைதான். எங்கட ஆள் ஒருத்தரும் இந்த அறையிலை இருக்கிறார் எண்டு சொன்னவை. நீங்கள் எந்தப் பக்கம்?"

அவர் என் இயக்கத்து ஆள், மச்சான். "நான்தான் உங்கட ஆள்" என்று சொல்லியிருந்தால் என் தோளில் தட்டியிருப்பார். அடுத்த கேள்வி, சிவா எங்கே என்பது.

உன்னிடம் ஆறு வருடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஊரில் எங்கள் ஒழுங்கையில் உங்கள் இயக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவருடைய வீடு எது என்று எங்கள் ஆட்கள் வந்து கேட்டார்கள். நான் கையை நீட்டிக் காட்டினேன். காட்டியது அவ்வளவுதான். பின்னேரம் அந்த வீட்டில் எழுந்த அழுகையை இன்றைக்கும் கேட்கிறேன். தெரிந்திருந்தால் நீ எனக்கு மீன்குழம்பு ஊற்றியிருப்பாயா?

"உங்கட ஆள் வேலைக்குப் போயிட்டார். யோகன்ரை தம்பி நான்தான்" என்றேன்.

நிதானமாகப் பார்த்தார். "அண்ணரின்ரை சாயல் இல்லை."

"அவர் அம்மாவைப் போலை. நான் அப்பாவைப் போலை."

"நல்லது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூண்டு பேர் வாறம். எங்கையும் போயிடாதேங்கோ." போகும்போது கதவுப் பூட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசிடம் என்ன சொல்வது? ஒருவர் வந்து மரியாதையாகக் கதைத்துவிட்டுப் போனார் என்றா?

புதன்கிழமை சிவாவைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கப்பல் என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஏறமாட்டேன் என்று நின்றான்.

"அண்ணை, நீங்களும் வாங்கோ. உங்களை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

"நானும் வந்தா ரெண்டு பேரையும் தேடுவாங்கள். நான் நிண்டாத்தான் உன்னைத் தேடமாட்டாங்கள். ஏறு."

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்குச் சிவப்புக் கறுப்பும் நீலக் கறுப்பும் மோதுகின்றன. கடைக்காரன் இரண்டு கொடிகளையும் கட்டிவிட்டான். சந்தை முழுக்க ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில் எங்கள் அறையில் என்ன நடந்தாலும் யாருக்கும் கேட்காது. அவர்கள் அதை யோசித்துத்தான் நாள் குறித்தார்களோ?

பயமாக இருக்கிறது, மச்சான். கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா மரக்கறியோடு படியேறி வந்த சத்தத்துக்கே இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டேன். ஆனாலும் போகமாட்டேன். நாளைக்கு அவர்கள் வரும்போது கதவை நானே திறப்பேன். சிவா எந்தத் திசையில் போனான் என்று என்னிடமிருந்து ஒரு சொல் வராது. இது உன் மேல் சத்தியம்.

இனி யார் கேட்டாலும்,
உன் தம்பி