தார்ப்பாய்க்குக் கீழே பதிமூணாம் வளைவு

12 ஜன., திங்கள்

காலையில் கடும் பனி. ஒன்பது மணிக்கு மேல்தான் வெயில் தலைகாட்டியது. காப்பிக் கொட்டையைக் களத்தில் பரப்பிவிட்டு நிமிர்ந்தால் தங்கராசு அண்ணன். விழாக் கமிட்டிக்காரர் இந்நேரத்தில் வந்தால் நன்கொடைதான் என்று நினைத்தேன்.

இல்லை. வருகிறார்களாம்! காணும் பொங்கலன்று, இங்கே, நாகலூர் பள்ளிக்கூட மைதானத்தில். 'பதிமூணாம் வளைவு' பாட்டுக் குழு. பழைய நாலு பேரும் சேர்ந்து.

பாடுகிற ரவியும் கிட்டார் அன்வரும் பேசிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எப்படிச் சமாதானம்?

"வயசாச்சு அம்மணி. இன்னும் எத்தன நாளைக்குத்தான் மொறச்சுக்கிட்டே இருப்பாங்க?"

களத்திலேயே ஒரு குதி குதித்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், வெட்கக்கேடு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன். மலை ஏறும்போது பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வேன் நின்றுபோக, அங்கேயே உட்கார்ந்து முதல் பாட்டைக் கட்டினார்களாம். அதுதான் பேர். மொத்தமே ஒரு கேசட். அதில் 'மஞ்சு எறங்குற நேரம்' ஒன்று போதும் எனக்கு, மற்றதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

நேரில் கேட்டதே இல்லை. ஒருமுறை ஏற்காட்டில் பாடினார்கள், அப்பா விடவில்லை. அடுத்த முறை பெரியவன் வயிற்றில், ஒன்பதாம் மாதம். அதற்குப் பிறகு அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

வாங்க: வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, முந்திரி (கொஞ்சம்). எனக்குச் செருப்பு?

13 ஜன., செவ்வாய்

மிளகு பறிப்பு. இடுப்பு வலி. இவர் காலையிலிருந்து கிண்டல். "பாட்டுக்காரன் வர்றான்னதும் மொகத்துல களையப் பாரு. நான் உன்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கூட இப்படி இல்ல."

மதியம் ஒரு குண்டு. சேலத்துப் பந்தல்காரர் கையை விரித்துவிட்டார், பொங்கல் நேரம், ஆள் இல்லை. வெறும் மேடையில் பாட முடியாது, கீபோர்டில் வெயில் நேராக விழக் கூடாது என்று குழுவிலிருந்து சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிறார் தங்கராசு அண்ணன். சர்வ சாதாரணமாக!

நான்தான் வாயைத் திறந்தேன். ஊட்டுக்கு ஒரு தார்ப்பாய் இருக்கிறதே என்று. அறுவடைக் காலத்தில் இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

சாயங்காலம் ம.கு. கூட்டம். (மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்து இதுவரை கண்ட லாபம் இது ஒன்றுதான்.) பழனியம்மா அக்காதான் முதல் கேள்வி.

"ஏம்புள்ள சரசு, தார்ப்பாயக் குடுத்துப்புட்டுக் களத்துக் காப்பிய எதுல மூடறது? முந்தானையிலயா?"

"மூணு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சரைக்கு முடிஞ்சிரும்ங்கக்கா. பனி எறங்கறதுக்குள்ள அவங்கவுங்க தார்ப்பாய் அவங்கவுங்க ஊட்டுல இருக்கும். நான் பொறுப்பு."

"மழ வந்துட்டா?"

"தை மாசத்துல எங்கீங்கக்கா மழ?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கொடுத்தார்கள்.

15 ஜன., வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. உப்புச் சப்பில்லாத நாள். மனசு சனிக்கிழமையில்.

16 ஜன., வெள்ளி

மாட்டுப் பொங்கல். மேடை கட்டிவிட்டார்கள். மூங்கில் சட்டத்தின் மேல் நீலம், கறுப்பு, ஆரஞ்சு, ஒட்டுப் போட்டது, எலி கடித்தது, எல்லாத் தார்ப்பாயும். கிழிசல் போர்வை மாதிரி இருந்தாலும் எனக்கு அரண்மனைதான். எங்கள் தார்ப்பாயை ரவி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே கட்டச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பைத்தியம்.

17 ஜன., சனி

காலை: சேர்வராயன் கோயில் பக்கம் மேகம். இவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

3 மணி: வேன் வரவில்லை. மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிகளாம். அவர்கள் பேரை வைத்த வளைவிலேயே நிற்கிறார்களோ என்னவோ.

4 மணி: இன்னும் இல்லை. பழனியம்மா அக்கா வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

இரவு: எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். ரவிக்குத் தலை வழுக்கை. அன்வர் தாடி முழு வெள்ளை. அன்வர் ஒயரைச் சொருகிக் கொடுக்க, ரவி அவர் தோளைத் தட்டினார். அப்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர். முதல் பாட்டு. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் அதே குரல். இரண்டாவது பாட்டுக்குச் சுற்றுலாக்காரர்கள்கூட எழுந்து ஆடினார்கள். "அடுத்தது மஞ்சு" என்றார் ரவி. நான் கையைக் கூப்பிவிட்டேன், சாமி வந்த மாதிரி.

என் கைமேல் ஒரு மழைத்துளி.

ஒரு பெண்கூடக் கத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், அவ்வளவுதான். பழனியம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷப் பாடு களத்தில் திறந்து கிடக்கிறது, ஊர் முழுக்க. நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இது.

கரண்டை நிறுத்திவிட்டார்கள். நான் மேடையில் ஏறிவிட்டேன். பெஞ்சைப் போட்டு, முடிச்சை அவிழ்த்து, வராததை அரிவாளால் அறுத்து, ஒவ்வொன்றாய்க் கீழே தள்ளி, பேர் சொல்லிக் கூப்பிட்டு. எங்களுடையதை அவிழ்த்ததுதான் கடைசி. அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினால் இவர் சாக்கையும் வேட்டியையும் போட்டு மூடப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நனைந்துவிட்டது. திரும்ப மைதானத்துக்கு வந்தபோது வேன் போய்விட்டது.

18 ஜன., ஞாயிறு

வெயில் பளிச்சென்று. வெட்கம் கெட்ட வெயில்.

ஊர்க் காப்பி பெரும்பாலும் தப்பித்தது. எங்களுடையதில் பாதிக்கு மேல் நனைந்து நிறம் மாறிவிட்டது, இனி விலை போகாது. இவர் நனைந்ததைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். திட்டித் தொலைத்தாலாவது நிம்மதி.

பழனியம்மா அக்கா வந்தார். "எங்கூட்டு மாடி காலியாத்தான் கெடக்குது கண்ணு. அங்க கொண்டாந்து பரப்பு. நொம்ப யோசிக்காத." அழுதுவிட்டேன். காப்பிக்கு என்று நினைத்திருப்பார்.

ஒரே ஆறுதல். அந்தப் பாட்டை அவர்கள் பாடவில்லை. எனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கவில்லை. கேவலமான ஆறுதல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

19 ஜன., திங்கள்

துணி துவைத்தேன். எண்ணெய் தீர்ந்துவிட்டது.

மதியம் இவர் போனோடு வந்தார். லாட்ஜில் தங்கியிருந்த யாரோ எடுத்த வீடியோ, ஊர் வாட்ஸப்பில் சுற்றுகிறது. பார் என்றார்.

பாடியிருக்கிறார்கள். கரண்ட் போன பிறகு, மைக் இல்லாமல், தூறலில் நனைந்துகொண்டு, ரவியும் அன்வரும் மட்டும். 'மஞ்சு எறங்குற நேரம்' முழுதும். தலைக்கு மேல் கூரை ஒவ்வொன்றாய்க் கழன்று போகிறது, ரவி தன் பாட்டுக்குப் பாடுகிறார். அவருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் நான்.

பாட்டில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு பெண்ணின் தொண்டைதான். "அந்தக் கறுப்பு யாருதுங்க? பழனியம்மாக்கா, இந்தாங்க! இழுங்க! கயித்த அறுங்க, அறுங்க!"

ரவியின் வாய் அசைகிறது. எந்த வரி என்று எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு வரியும் தெரிகிறது.

இவர் இன்னொரு தரம் போட்டார். போனைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்டார், எனக்காக.

"உன்ற சத்தந்தான் புள்ள கேக்குது" என்றார்.