இரண்டரை மழை

உன் மடக்கை வாய்ப்பாட்டை நேற்று உன் வீட்டிலிருந்து வாங்கி வந்துவிட்டேன், மச்சான். அட்டையைத் திறந்ததும் மிளகு நெடி. நாற்றுமேடையில் நின்றபடியே புரட்டுவாயே, அந்தக் கையின் வாசம் இன்னும் போகவில்லை.

உன் ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். பின்னால் வந்த சனத்தைப் பார்த்து அப்போதும் பொறாமைதான் பட்டேன். உன்னிடம் மறைப்பானேன்?

குண்டசாலை ஹாஜியாரிடம் உன்னைக் கூட்டிப்போனவன் நான். நான் கம்பளைச் சந்தையில் சாக்கு விரித்து மிளகு விற்று எழும்பியவன். நீ நில அளவைக் கந்தோரில் கதிரையில் இருந்து கணக்கு எழுதியவன். பத்து மிளகுக் கொடியைப் பத்தாயிரமாகப் பெருக்க எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று, தன் நாற்றுமேடைக்கு ஆள் தேடிய அவர் கேட்டார். நீ புத்தகத்தை எடுத்தாய். அது விரியுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்டு ரெண்டாகினா பத்து மழை, ஹாஜியார். நாலாகினா அஞ்சு. நான் ஒரு கொடிய எட்டாக்குவன். அஞ்சில பாதி ரெண்டர. மூணு மழையில தாறன்."

புசல் அளவைக் கொத்து அளவாக மாற்றிப் பழகிய சந்தைப் புத்தி. இரண்டு நாலானபோது மழை பாதியானது. நாலு எட்டானாலும் அப்படித்தான் என்று நம்பினேன்.

"பெருக்கிற எண், அந்த அடி, மாறினா அப்பிடிப் பாதியாக்க ஏலா, மச்சான்," என்றாய். "எத்தின ரெண்டப் பெருக்கினா எட்டு? மூணு. அப்ப பத்த மூணால வகு. மூணு மழையும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்துக்கு வானம் தனியாப் பெய்யுமா? நாலு."

புத்தகத்தில் பத்தின் அடிக்கு மட்டுமே எண்கள் உண்டு. வேறு எந்த அடி வேண்டுமானாலும் இப்படித்தான் வகுத்து எடுப்பாய்.

ஹாஜியார் விரல் மடித்தார். "பத்து, எம்பது, அறுநூத்தி நாப்பது... மூணாம் மழைக்கு அய்யாயிரத்திச் சொச்சம். மத்தப் பாதி எங்க முதலாளி, சாக்குக்குள்ளயா?"

விரலுக்கே தெரிந்த கணக்கு! நாற்றுமேடை உன் கைக்குப் போனது. உன்னுடன் தேத்தண்ணி குடித்தேன், பெருநாளுக்குக் கட்டிப்பிடித்தேன்; ஒரு நாளும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் இன்றுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்குமுன் மேசைக்கடியில் விரல் மடிக்கிறேன்.

நேற்று உன் மனைவி, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பவள், திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். மகள் படிக்கப் புத்தகம் வேண்டுமாம்.

"மூணு மழைக்குத் தாங்க தங்கச்சி, நானும் படிச்சிப் பாக்கிறன்."

"ஒங்கட கணக்கில மூணா, நானா? அப்ப நாலு எண்டே வெச்சிக்கொங்க."

அந்தக் கதையை அவளிடமும் சொல்லியிருக்கிறாய். சரி என்றேன். நாலு மழை என்னிடம். பிறகு உன் மகளுக்கு.