எழுநூற்று எண்பது கிராம்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பள்ளிச் சட்டை காயவில்லை. இயற்பியல் பயிற்சி 4 முதல் 9 வரை முடிக்க வேண்டும். முடிக்கவில்லை.

காரணம், அப்பா கொண்டுவந்த இரண்டு பெட்டிகள். தோட்டத்தில் செம்பனைக் குலைத் திருட்டு கூடிவிட்டது. அப்பாவோடு சேர்த்து ஜாகா (இரவுக் காவல்) வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் இருட்டில் பார்க்கும் கருவி தரப் போகிறார்கள். மோட்டார் சைக்கிள் விளக்கை அணைத்துவிட்டு ரவுண்டு போக வேண்டுமாம். கை இரண்டும் மோட்டாரில் இருக்கும். ஆகவே கருவி ஹெல்மெட்டின் முன்பக்கம். மாதிரிக்குப் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. வீட்டில் போட்டுப் பார்த்து, வெள்ளிக்கிழமை ஆபீசில் ‘எனக்கு இது’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பெரியது: இரண்டு கண். 500 மீட்டர் தெரியும்.
சின்னது: ஒரு கண். 150 மீட்டர்.

முனியாண்டி அங்கிள் (ஜாகாக்காரர்களை வேலை வாங்கும் மண்டோர், இனி மு.அ.) தேநீர் குடிக்க வந்தார்.

“ஐந்நூறு மீட்டர்லா! கள்ளன் பல்லு வெளக்குனாக்கூட இங்கேருந்து தெரியும்.”

“எடை எவ்வளவு அங்கிள்?”

“எடையா? இது என்னா, பாசார்ல வாங்குற மீனா? கனமா இருந்தாத்தான் நல்ல சாமான் பாப்பா.”

அப்பா தலையாட்டினார். எனக்கு எரிச்சல்.

அப்பாவுக்குக் கழுத்தில் வலி. வருடக்கணக்காக லாரியில் குலை ஏற்றியதால் வந்தது. சட்டைக் காலருக்குள்ளே கோயோ பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். ஆபீசில் யாருக்கும் தெரியாது. போன வருடம் ஒருவர் முழங்கால் வலி என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை.

9 ஜூலை, புதன்

மழை இல்லை. அம்மாவின் சமையல் தராசை எடுத்து இரண்டையும் நிறுத்தேன்.

பெரிய பெட்டியில் போட்டிருப்பது 510 கிராம். தராசிலும் 510. பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகு நான்கு பேட்டரி போட்டேன். ஹெல்மெட்டில் மாட்டும் கொக்கியையும் வைத்தேன். 780! பெட்டியின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்: பேட்டரி, கொக்கி எடை சேர்க்கப்படவில்லை. பேட்டரி இல்லாமல் இதைத் தலையில் மாட்டிக்கொண்டு என்ன செய்வார்கள்? சட்டியின் எடையைச் சொல்லிவிட்டுச் சோற்றின் எடையை மறைப்பது போல.

சின்னது எல்லாம் சேர்த்து 310.

எடை நெற்றிக்கு முன்னால் தொங்குவதால், பின்கழுத்துத் தசை விடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைப்பக்கட்டை நுனியில் சீனிப் பை கட்டி அப்பாவுக்கு விளக்கினேன். மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.

அம்மா: “தொடப்பத்தக் கீழ வை. வீடு கூட்டணும்.”

யாருக்கும் அறிவியல் மேல் மரியாதை இல்லை.

சோதனை. பெரியதை மாட்டிய ஹெல்மெட்டோடு அப்பா தொடர் நாடகம் பார்க்க உட்கார்ந்தார். முதல் விளம்பரம் வரை சரி. இரண்டாவது விளம்பரத்தில் கை தாடைக்கு வந்துவிட்டது.

“முட்டுக் கொடுக்குறீங்கப்பா.”

“சொறிஞ்சேன்மா.”

“தாடைய இவ்ளோ நேரமா சொறிவாங்க?” என்றார் அம்மா.

சின்னதையே கேளுங்கள் என்றேன். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் பெருசு கேக்குறாங்க. நான் மட்டும் சின்னது கேட்டா, ஏன்னு கேப்பாங்கல்ல. என்னா சொல்றது?”

780 கிராம். விடிய விடிய. மூன்று ரவுண்டு. ‘என்ன சொல்வது’ என்பதற்காக!

10 ஜூலை, வியாழன்

வெயில். மலாய்க் கட்டுரைக்கு 17/20. இலக்கணப்பிழை மூன்று. (பிறகு திருத்தவும்.)

டியூஷன் முடிந்து அப்பா தோட்டத்துப் பாதை வழியாக அழைத்து வந்தார். நிறுத்தச் சொன்னேன். இறங்கி, மரங்களுக்கு நடுவே நின்று எண்ணினேன். ஐந்து மரம் தெரிகிறது. ஆறாவது பாதி. அதற்கப்பால் மட்டை, மட்டை, மட்டை. மரத்துக்கு மரம் பதினொரு காலடி. என் காலடியில் அறுபது எழுபதுக்கு மேல் பட்டப்பகலிலேயே ஒன்றும் தெரியவில்லை. பாதை நெடுகப் பார்த்தால் கூடத் தெரியும். நேர்மைக்காக அதையும் எழுதுகிறேன். ஆனால் குலை திருடுகிறவன் நடுப்பாதையில் நிற்பானா?

“அப்பா, ஐந்நூறு மீட்டர் இங்க எதுக்கு? மட்டையத்தான் பாக்கணும். இதச் சொல்லுங்க. கழுத்தப் பத்திப் பேசவே வேணாம்.”

மோட்டாரிலிருந்து இறங்கி அப்பாவும் எண்ணினார். ஒரு முறை. பிறகு இன்னொரு பக்கம் திரும்பி மறுபடியும்.

11 ஜூலை, வெள்ளி

சின்னதுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்!!

மட்டை மறைக்கிறது என்று ஆபீசில் சொன்னாராம். மேனேஜரும் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றாராம். மு.அ. மட்டும் சிரித்தாராம். “ஒனக்கு வெளாட்டுச் சாமான் போதும்லா. எனக்குப் பெருசு.”

யோசனை யாருடையது என்று அப்பா சொன்னாரா? இல்லை. கேட்டேன். “மறந்துட்டேன்மா.” மரத்தை எண்ணியது நான், நிறுத்தது நான், சீனிப் பை கட்டியது நான்.

அம்மா: “ஒனக்கு மாலை போட்டு ஊர்வலம் விடணுமா? போய்ப் படி.”

படிக்கவில்லை. கோபமாகத் தூங்கினேன்.

14 ஜூலை, திங்கள்

புழுக்கம். இயற்பியல் பயிற்சி 4 முதல் 9 வரை இன்னும் பாக்கி. ஆசிரியர் கேட்டார்.

சாயங்காலம் வாசலில் மு.அ. கையில் பெரிய பெட்டி.

“இந்தா, ரெண்டு நாளைக்கு மாத்திக்கலாம்லா. ஒன்னோட சின்னதையும் நான் பாக்கணும்ல. மண்டோருன்னா ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்.”

என்ன ஒரு காரணம்! தலையை ஆட்டாமல், பெட்டியைப் பார்த்தபடியே பேசினார். கருவி கைக்கு வந்து மூன்றே மூன்று இரவுதான் ரவுண்டு போயிருக்கிறார்.

அப்பா இதுவரை மண்டோரிடம் முடியாது என்று சொன்னதில்லை. பெருநாள் வேலைக்குச் சொன்னதில்லை, அடுத்தவர் ஷிஃப்டுக்குச் சொன்னதில்லை. உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். வலித்தது.

மு.அ. கையை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“முடியாது மண்டோர். எனக்குக் கழுத்து வலி. லோரி ஏத்துன காலத்துலேருந்து.”

மு.அ. பெட்டியைத் தரையில் வைத்தார். பின்கழுத்தைத் தடவிக்கொண்டே எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அட, இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நானும் சொல்லியிருப்பேன்லடா!”