குரங்குக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த பிள்ளை

டீச்சர்,

இன்று காலை வேனுக்குள் நசுங்கிய வாழைப்பழ வாசனை. வெளியே சாரல் என்பதால் ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. பிள்ளைகளின் ஈரச் சாக்ஸ் வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. யார் பையில் நசுங்கியது என்று தேடக் குனிந்தவன், மழைநாளில் உங்கள் பள்ளிக்கும் இதே வாசனைதானே என்று உங்களை நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பள்ளியை மூடிவிட்டு ஊரை விட்டுப் போன பிறகு இது இரண்டாவது சீசன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை, இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூட வாசலில்தானே வேனை நிறுத்துகிறேன். ஆனால் இந்த வாய் காலேஜ் வரைக்கும் போன வாய். நான் கதை சொன்னால் எதிர்க்கடையில் டீ ஆறிப்போகும். சுரண்டை பஸ்கூட இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். ஒருநாள் இதை உங்களிடமே சொன்னேன். நீங்கள் நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், "சுரண்டை பஸ் என்னைக்கு அண்ணாச்சி நேரத்துக்கு எடுத்தான்?" என்றீர்கள்.

உங்கள் பள்ளி ஒரு வாடகை வீடு. மூன்று அறை, ஒரு முற்றம், மூன்று நாலு வயதுப் பிள்ளைகள். தென்காசியில் அதைவிடப் பெரிய பள்ளிகள் எத்தனையோ உண்டு. ஆனால் உங்கள் பிள்ளைகளைப் போலப் பிள்ளைகளை இந்த ஜில்லாவிலேயே காட்ட முடியாது என்று நான் கேரள எல்லைப் புளியறை செக்போஸ்ட் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு "கேட்டு எடு" என்பது பாடம் இல்லை, பழக்கம். பக்கத்துப் பிள்ளையின் கிரேயானைத் தொடுமுன் கேட்க வேண்டும். பெரியவர்களும் கேட்க வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் அப்பா அம்மாக்களை அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்துச் சொல்லுவீர்கள்: "வீட்டுக்கு விருந்தாளி வந்தா, புள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்காம அது பொம்மையத் தூக்கி அந்த வீட்டுப் புள்ளைக்குக் குடுத்துருதீய. அப்புறம் நான் இங்கன என்ன சொல்லி என்ன?" வாட்டசாட்டமான ஆட்கள் முட்டி காதைத் தொட உட்கார்ந்து தலையாட்டுவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தப்பு செய்தவர், யாராக இருந்தாலும், எதிரே இருப்பவரின் கண் உயரத்துக்கு வந்து, செய்ததை அப்படியே சொல்ல வேண்டும். 'சாரி' என்று மட்டும் சொன்னால் செல்லாது. ஒரு பிள்ளையின் கொய்யாத் துண்டைத் தவறிக் கொட்டியதற்கு நீங்களே தரையில் உட்கார்ந்து சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி அரைமணி நேரம் என்னுடையது. அதை நீங்கள் கொடுத்தீர்களா நான் பிடுங்கினேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வாசலில் யாரோ பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். 'கேட்டு எடு' பாடத்துக்கு நாமும் ஒரு கை கொடுப்போம் என்று நான் எடுத்துவிட்டேன்: குற்றாலத்துக் குரங்குகள் எல்லாம் முன்னே பிள்ளைகள். கேட்காமல் பிடுங்கிப் பிடுங்கி வால் முளைத்துவிட்டது. யாராவது அன்பாகக் கையை நீட்டி 'கேட்டு எடு' என்று சொல்லிக்கொடுத்தால் வால் விழுந்து மறுபடி மனுஷராகிவிடும். நானே ஒன்றைத் திருத்தியிருக்கிறேன், அவன் இப்போது புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை எண்ணுகிறான். ஒரு பிள்ளைகூடக் கண்ணை இமைக்கவில்லை டீச்சர். அப்படி ஒரு கதையை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போயிருக்கிறாள். நாலு வயசு. குளித்து முடித்துத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவள் கையிலிருந்த பன்னைக் குரங்கு பிடுங்கியது. மற்றப் பிள்ளை என்றால் அழும். இவள் பின்னாலேயே போய்க் கையை நீட்டிப் பாடம் எடுத்தாள். மணிக்கட்டில் நாலு கீறல். பெரியாஸ்பத்திரியில் ஊசி.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டாளத்துக்காரர், லீவில் வந்திருந்தவர். மற்றப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். வாசலில் இன்னும் நாலைந்து அம்மாக்கள் நின்றார்கள்.

"நல்லது சொல்லிக் குடுப்பீயன்னு நம்பித்தானே டீச்சர் இங்கன விட்டோம். குரங்குட்ட கை நீட்டச் சொல்லியா குடுத்திய?"

உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும், "என் பள்ளிக்கூடத்துல கேட்டதுன்னா பொறுப்பு என்னுது" என்றீர்கள். அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடுத்த வருஷம் வேற இடம் பாக்கணும்" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது. அப்போது தர்ஷினி கட்டுப்போட்ட கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"வேன் மாமாதான் சொன்னாவ."

எல்லோரும் திரும்பினார்கள். இவர்கள் பிள்ளைகளை அனுப்பாவிட்டால் என் வேன் வெறும் தகரம். அந்த ஒரு நொடியில் அதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"நான் எங்கன சொன்னேன்? சின்னப் புள்ள, கனவு கினவு கண்டுருக்கும்" என்றேன்.

அவள் அப்பா அவளைப் பார்த்து, "ஏட்டி, பெரியவுக மேல பொய்யா சொல்லுத?" என்றார். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள் டீச்சர், போலீஸ்காரர்கூட ஏசியிருக்கிறார். அந்தப் பார்வைக்கு எதுவும் ஈடில்லை.

எல்லோரும் போன பிறகு நீங்கள் வேனருகே வந்தீர்கள்.

"உள்ள இருக்க புள்ளைகள்ட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும் அண்ணாச்சி. நான் கேட்கப் போறதில்ல."

நான் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தான் சொன்னது நெசம்னு அதுக்குத் தெரியும். நெசத்தைச் சொன்னா ஏச்சுதான் கிடைக்கும்னு நாலு வயசுல அது படிச்சிட்டா, அதை மாத்திச் சொல்லிக் குடுக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நீங்கள் ஏசியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன்.

மறுநாள் தர்ஷினி என் வேனில் ஏறவில்லை. அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். முற்றத்தில் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்றார்கள், வாசலில் நேற்று நின்ற அதே அம்மாக்கள். நான் நேரே போய் அவள் முன்னால் முட்டிபோட்டேன். என் தொந்தியை வைத்துக்கொண்டு முட்டிபோடுவது மலையேறுவதைவிடக் கஷ்டம். அப்படியும் அவள் உயரத்துக்கு வரவில்லை, இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"குரங்குக் கதை நான் கட்டிச் சொன்னது தாயி. நீ சொன்னதுதான் நெசம். நேத்து உங்க அப்பாட்ட நான் பொய் சொன்னேன். ஒனக்கு ஏச்சு வாங்கிக் குடுத்தேன்."

அவள் என் முகத்துக்குக் கிட்டே வந்தாள்.

"அப்ப அந்தப் புளியங்குடி மாமாவுக்கு வால் இருந்துச்சா, இல்லையா?"

"இல்ல தாயி. அப்படி ஒரு ஆளே கிடையாது."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். அடிதான் விழப்போகிறது என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அந்த மனுஷர் என் பக்கத்தில் வந்து முட்டிபோட்டார். "அப்பா ஒன்ன நம்பல. தப்பு அப்பா மேலதான்" என்று மகளிடம் சொன்னார். எழுந்தபோது எனக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "சாயங்காலம் புள்ளைய நீங்களே கூட்டிட்டு வந்துருங்க" என்றார். ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டுப் போகவில்லை.

பட்டாளத்துக்காரரை முட்டிபோட வைத்த ஆள் என்று இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சொல்லச் சொல்ல அவருக்குப் பதவி உயர்வும் ஆகிவிட்டது, இப்போது மேஜராக இருக்கிறார். நீங்கள் திருத்த வேண்டாம். முட்டிபோட வைத்தது நீங்கள்தான், இருவரையும், ஒரு வார்த்தைகூட அதட்டாமல். அதையும் கடைசியில் சொல்லித்தான் முடிக்கிறேன்.

இப்போது வேறொரு பள்ளிக்கு ஓட்டுகிறேன். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் வேனுக்குள் கதை ஓடுகிறது. ஆரம்பிக்கும்போதே "இது மாமா கட்டினது" என்று சொல்லிவிடுகிறேன். அதனால் கதைக்கு ஒன்றும் குறையவில்லை, பிள்ளைகள் இன்னும் பெரிசாகக் கட்டச் சொல்லுகிறார்கள்.

போன வாரம் ஒரு எல்.கே.ஜி. பிள்ளையின் டிபன் பாக்ஸ் நெளிந்துபோயிருந்தது. அவள் அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்கன போட்டு ஒடச்ச? மாமா மேல சாக்குச் சொல்லாத" என்று கையை ஓங்கினாள். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் இறங்கி வந்தேன்.

"அவ மேல தப்பில்ல தாயி. சீட்டுல இருந்ததப் பாக்காம நான்தான் மேல உக்காந்துட்டேன். இது நான் கட்டினது இல்ல" என்றேன். அப்புறம் அந்தப் பிள்ளையின் முன்னால் முட்டிபோட்டு, அதையே அவளிடமும் ஒரு தடவை சொன்னேன்.