இந்த முறை வாசித்தேன்

வக்கீலம்மா ஆகிவிட்ட என் மகளுக்கு,

பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஊரார் பிள்ளைகளுக்காக நீ வெளியூர் கோர்ட்டில் நிற்கும் நேரம் பார்த்து, உன் மகளின் பள்ளியில் நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் டீ கொடுத்து ஒரு தாளை நீட்டினார்.

“உங்க பேத்தி எழுத்துக்கூட்டவே தடுமாறுது, பெரியவரே. தனி டீச்சருக்கு நாங்க எங்க போறது? ஒரு கையெழுத்து போடுங்க.”

உன் தம்பி படித்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள். வாசிக்காமலே போட்டேன். ‘சொந்த விருப்பத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்திக்கொள்கிறோம்’ என்று அதில் இருந்ததை, நீ வக்கீலான பிறகுதான் படித்துக் காட்டினாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். அதே வரி இருந்தது. அரை மணி நேரமாயிற்று. அவருக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

“நானும் இப்படித்தான் படிக்கிறேன், சார். எனக்குப் பொறுமையா இருந்தீங்கல்ல? அவளுக்கும் இருங்க.”

தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. திருப்பிக் கேட்டார், தரவில்லை. உன் வழக்குக்கு ஆகும். திங்கட்கிழமை பேத்தியை நானே வகுப்பில் விடுகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத அப்பா